மார்ச் முடிவதற்குள் ஒரு கையெழுத்து

தர்மபுரியிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி வண்டி காலை ஆறு நாற்பதுக்குக் கிளம்பியது. டிக்கெட் ஒரு ரூபாய் எண்பது காசு. 1979 மார்ச்சின் கடைசி வாரம். மடியிலிருந்த பையில் ஒரு வரைபடமும் ஒரு சம்மதக் கடிதமும். கடிதத்தில் கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி.

சாலை அலுவலகத்தில் நான் ட்ரேசர். சர்வே படத்தின் மேல், அடியிலிருப்பது தெரியும் மெல்லிய துணியை விரித்து மையால் நகலெடுப்பதுதான் என் வேலை. ஊர் ஊராக அலைவது அல்ல. ஆனால் சித்தேரி மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றுக்குப் போட வேண்டிய ஆறு கிலோமீட்டர் சாலைக்கு ஒரே ஒருவர் நிலம் தர மறுத்துக்கொண்டிருந்தார். நாகம்மா என்று பெயர். கணவர் போன பிறகு தனியாக விவசாயம் பார்ப்பவர். மார்ச் முப்பத்தொன்றுக்குள் வேலை தொடங்காவிட்டால் பட்ஜெட்டில் அந்தச் சாலைக்கு ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும்.

"பொம்பளைக்குப் பொம்பளை பேசிப் பாருங்கம்மா. நஷ்டஈடு ஒரே மாசத்துல வந்துடும்னு சொல்லுங்க" என்றார் பொறியாளர்.

"வந்துடுமா சார்?"

அவர் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார்.

பொம்மிடி தாண்டியதும் பக்கத்து இருக்கைக்கு அலுமினியப் பாத்திர வியாபாரி ஒருவர் வந்தார். தாடி நரைத்த பாய். நான் போகும் ஊரைச் சொன்னதும், "அந்தப் பக்கம் மழைக்காலத்துல நான் போறதே இல்லம்மா. ஓடையில தண்ணி வந்துட்டா சைக்கிள் மேல நான் போறதில்ல, என் மேல சைக்கிள் போகுது" என்று சிரித்தார். பிறகு கையிலிருந்த செய்தித்தாளை என் பக்கம் நீட்டினார். "ஆபீஸ்ல இருக்கறவங்க, நீங்களே சொல்லுங்க. சொத்துரிமையை அரசியல் சட்டத்துல இருந்து எடுக்கறாங்களாமே. எங்க வூடு எங்களுதா இல்லையா?"

"அடிப்படை உரிமையா இருக்காதுன்னுதான் சொல்றாங்க பாய். சட்டப்படி இல்லாம யாரும் எடுத்துட முடியாது."

"அந்தச் சட்டத்தைத்தானே மாத்தறாங்க?"

பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எட்டு இருபதுக்கு இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு நடந்தேன். வண்டித்தடம் முழுக்க முழங்கால் அளவுப் பள்ளங்கள். சாயங்கால வண்டி ஐந்தேகாலுக்கு; அதைத் தவறவிட்டால் தங்க இடமில்லை. நடக்க நடக்க, பொறியாளர் சொல்லிக் கொடுத்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அது பொய்யாகவே ஒலித்தது.

பத்து மணிக்கு நாகம்மா வீட்டை அடைந்தபோது அவர் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மண்வெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்:

"இந்த முறை பொம்பளையை அனுப்பிட்டாங்களா? ரேடியோவில கேட்டேன். நெலத்து மேல இருந்த உரிமை போச்சாமே. அப்புறம் என் கையெழுத்து எதுக்குங்க? எடுத்துக்க வேண்டியதுதானே?"

"அப்படி எடுக்க முடியாதுங்க. அதனாலதான் கேட்டு வந்திருக்கேன்."

"பணம்?"

வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. "எப்ப வரும்னு எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

அவர் மண்வெட்டியை வரப்பில் சாத்தினார். "மோர் குடிங்க. அப்புறம் ரோடு எங்க போகுதுன்னு காட்டுங்க. வந்தவங்க பேப்பரை நீட்டினாங்களே தவிர யாரும் காட்டல."

படத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தோம். புளியமரம், எல்லைக்கல், வாய்க்கால் என எல்லாம் சரியாக இருந்தன. வாய்க்காலைத் தாண்டி நாற்பது அடியில் அவர் நின்றுவிட்டார். எங்கள் முன்னால் கல் கட்டிய கிணறு.

"இதைப் படத்துல காட்டுங்க."

படத்தில் கிணறு இல்லை. இரண்டு சாலைக்கோடுகளும் நேராக அதன் மேல் போயின. பழைய சர்வே தாளில் அந்த இடத்தில் மங்கலாக ஒரு வட்டம் இருந்தது நினைவுக்கு வந்தது. மைக்கறை என்று நினைத்து அதை விட்டுவிட்டவள் நான்தான்.

அதைச் சொல்லாமல் எதையாவது பேசிச் சமாளித்திருக்கலாம். கையெழுத்து வாங்கியிருந்தால் ஆபீஸில் நல்ல பெயர் கிடைத்திருக்கும். ஆனால் அவர் குனிந்து கிணற்றை எட்டிப் பார்த்த விதம் என்னை விடவில்லை.

"தப்பு என்னுதுங்க. இந்தப் படத்தை வரைஞ்சவ நான்தான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். "கயிறு கொண்டாரேன், இருங்க" என்றார்.

மூன்று மணி வரை அளந்தோம். சாலையைப் பதினெட்டு அடி கிழக்கே தள்ளினால் கிணறு தப்பும். ஆனால் விளைகிற தக்காளி வயலில் ஒரு பகுதி போகும். "போகட்டும். தக்காளி அடுத்த வருசமும் வெளையும். கெணறு வெளையாது" என்றார். நான் கொண்டுபோன கடிதத்தைத் தொடவே இல்லை. வேறொரு தாளில் கிழக்குப் பக்கத்தைத் தருவதாக எழுதச் சொல்லி, எழுத்துக்கூட்டி வாசித்து, தன் பெயரைப் பெரிதாக எழுதினார்.

வண்டியைப் பிடிக்கக் கடைசி அரை மைல் ஓடினேன்.

மறுநாள் பொறியாளர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். "படத்தை மாத்தி ஒப்புதல் வாங்கறதுக்குள்ள மார்ச் முடிஞ்சிடும்மா" என்றார். அப்படியே ஆனது. பணம் திரும்பிப் போனது. விளக்கம் கேட்டு என் பெயருக்கு ஒரு மெமோ வந்தது. வேலை போய்விடுமோ என்று மூன்று மாதம் அஞ்சிக் கிடந்தேன். போகவில்லை. அந்த மழைக்காலத்திலும் ஊர் ஓடைக்கு அந்தப் பக்கமே அடைபட்டுக் கிடந்தது. அதற்காக நாகம்மாவிடம் சிலர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அதற்கும் நான்தான் காரணம். அடுத்த பட்ஜெட்டில் மறுபடி ஒதுக்கினார்கள். கிழக்குப் பக்கமாகச் சாலை வந்தது.

ஆனால் அந்தப் பயணத்தில் எனக்குள் தங்கிவிட்டது வேறு. அன்று மாலை ஏழு மணிக்கு தர்மபுரியில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். எங்கள் தெருவில் நான் பிறப்பதற்கு முன்பே தார் போட்டுவிட்டார்கள். அதன் மேல் பள்ளிக்கூடம் போனேன், வேலைக்குப் போனேன். அது யார் நிலமாக இருந்தது, அவர்களைக் கேட்டார்களா என்று ஒருநாளும் நினைத்ததில்லை. காலில் அப்பியிருந்த மண் காய்ந்து உதிர, தெருவோரமாகவே நடந்து வீட்டுக்குள் போனேன்.