ருசி பார்க்காத கோழிக்கறி

கப்பலின் மேல்தளத்தில் பயணிகள் நீச்சல்குளத்தைச் சுற்றி நாற்காலி பிடிக்கும் நேரத்தில், பல மாடி கீழே, ஜன்னலே இல்லாத சமையற்கூடத்தில் தினேஸ்வரி ஒரு மூட்டை வெங்காயத்தை வதக்கி முடித்திருப்பாள். அவள் சமைப்பது அந்தப் பயணிகளுக்கு அல்ல. அவர்களுடைய படுக்கையைத் தட்டிப் போடுகிறவர்களுக்கு, அவர்களுக்காக வயலின் வாசிக்கிறவர்களுக்கு, எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிறவர்களுக்கு. எண்ணூறு பேருக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு நாட்டு நாக்கும் ஒவ்வொரு ருசி கேட்கும்.

லாஸ் ஏஞ்சல்சில் கிளம்பி, ஹவாயில் நின்று, தென்கடல் தீவுகளைத் தொட்டுக்கொண்டு சிட்னி போய்ச் சேரும் பயணம் அது. நடுவில் நாள்கணக்கில் கரை தெரியாது. கீழே வேலை செய்கிறவர்களுக்குக் கடலும் தெரியாது. ஆடினால் கடல், ஆடாவிட்டால் துறைமுகம், அவ்வளவுதான். சில இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். கூடுதலாகக் கிடைக்கும் அந்தத் தூக்கத்தைப் பற்றி மறுநாள் மத்தியானம் வரை எல்லோரும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

கீழ்த்தளத்தின் முன்கோடியிலிருந்து பின்கோடி வரை ஒரே நீளமாக ஓடும் நடைபாதை ஒன்று உண்டு. தள்ளுவண்டியும் ஆளும் அழுக்குத் துணி மூட்டையும் அதில் முட்டிக்கொண்டே போகும். தினேஸ்வரி அதற்கு ‘ஈப்போ ரோடு’ என்று பெயர் வைத்தாள். இப்போது பிலிப்பினோக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஈப்போ எந்த நாட்டில் இருக்கிறது என்று தெரியாமலே.

அவள் பிறந்தது மலேசியாவில், கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். விவரம் தெரியும் முன்பே மரங்களைச் சாய்த்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுவிட்டார்கள். குடும்பம் ஈப்போவில் புந்தோங்குக்கு வந்து சேர்ந்தது. அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் கிடையாது. அங்கேயே இருந்திருந்தால் தானும் பனங்குலை பொறுக்கத்தான் போயிருப்பேன் என்பாள். பள்ளிக்கூடம் முடிந்ததும் சீனி அண்ணே கடையில் பரிமாறச் சேர்ந்தாள். வாழையிலைச் சோற்றுக் கடை. மத்தியானத்தில் உட்கார்ந்திருப்பவனின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடுத்தவன் நிற்பான். கொஞ்ச வருடத்தில் அடுப்புப் பக்கம் போனாள். பிறகு ஒரு ஓட்டல். பெருந்தொற்றில் ஓட்டல் மூடியது. கப்பலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அக்கா புனிதா, தண்ணியில போயி என்னடி செய்வே என்று கேட்க, மத்தியானக் கூட்டத்தைப் பார்த்தவளுக்குக் கடல் என்ன கணக்கு என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினாள்.

இது அவளுக்கு மூன்றாவது ஒப்பந்தம். ஊழியர் சமையற்கூடத்தின் பொறுப்பாளர் சிட்னியில் இறங்கி வீட்டுக்குப் போகிறார். அந்த இடம் காலி. கப்பலின் தலைமைச் சமையல்காரர் லூக்கா, குரோவேஷியா நாட்டுக்காரர், நெட்டையான ஆள். ஹவாயைத் தாண்டும்போது அவர் தினேஸ்வரியைக் கூப்பிட்டு, உன்னைத்தான் நினைத்திருக்கிறேன், சிட்னிக்கு முன்னால் முடிவு சொல்வேன், அதுவரை தப்பு எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள் என்றார். தப்பு நடந்தால் அந்த இடத்துக்கு மேலே பயணிகள் சமையற்கூடத்திலிருந்து ஓர் ஆள் கீழே இறங்கும். தினேஸ்வரி வெட்கப்படவில்லை. அது தனக்கு வரவேண்டிய இடம்தான் என்று, தன்னோடு வேலை செய்யும் ரோமெலிடம் அன்றைக்கே சொல்லிவிட்டாள். ரோமெல் மணிலாக்காரர், அவளைவிடப் பத்து வயது மூத்தவர், பேரன் எடுத்தவர். பொறுப்புக்கு வந்ததும் என் லீவை முதலில் கவனி என்றார்.

ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. புரட்டாசி.

புந்தோங் வீட்டில் புரட்டாசி மாதம் முழுக்கச் சைவம். சனிக்கிழமை பெருமாளுக்குப் படையல். சிறு வயதிலிருந்தே ஒரு வருடம்கூட அவள் விட்டதில்லை. கப்பலில் உடுப்பு கம்பெனியுடையது, படுக்கை கம்பெனியுடையது, நெஞ்சில் குத்தியிருக்கும் ‘டினா’ என்ற பெயரும் கம்பெனி சுருக்கியதுதான். புரட்டாசி மட்டும் புந்தோங்கிலிருந்து அவளோடு வந்தது. அதை விடுவதாக இல்லை.

சாப்பிடாமல் இருப்பது கஷ்டமே இல்லை. பருப்பும் ரொட்டியும் எப்போதும் உண்டு. ஆனால் லூக்காவின் சமையற்கூடத்தில் ஒரு சட்டம் இருந்தது. சமைத்தவர் வாயில் வைத்துப் பார்க்காமல் எந்தப் பாத்திரமும் அடுப்பை விட்டு இறங்கக்கூடாது. சுவருக்குச் சுவர் சின்னக் கரண்டிகள் நிறைந்த டப்பா இருக்கும். ஒரு தடவை வாயில் வைத்த கரண்டி நேரே கழுவப் போகும். கோழிக்கறியை எப்படி வாயில் வைப்பது?

இதற்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது. படையலுக்குச் சமைப்பதை யாரும் ருசி பார்ப்பதில்லை. சாமிக்கு முன்னால் நாக்கில் வைத்தால் அது எச்சில். அவள் வீட்டில் சாம்பார், கூட்டு, பாயசம் எல்லாமே கையளவிலும் வாசனையிலும்தான் இறங்கும், உப்பு தப்பியதே கிடையாது. ஓர் இலைக்கு முடிந்தது எண்ணூறு தட்டுக்கு முடியாதா? ஆனாலும் பாதுகாப்புக்கு ரோமெலை ஒரு கரண்டி பார்க்கச் சொல்வாள். அவர் கட்டைவிரலைத் தூக்கினால் இறக்குவாள். லூக்காவிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. மாதத்தின் பாதி இப்படியே ஓடியது.

அன்று காலை ஒத்திகை மணி அடித்தது. கப்பலில் தீ, கப்பலை விட்டு இறங்குவது என்று அடிக்கடி ஒத்திகை நடக்கும். ஆளை அணி அணியாகக் கூப்பிடுவார்கள். ரோமெலின் அணி உயிர்க்காப்புப் படகுப் பக்கம் போய்விட்டது. தினேஸ்வரி கோழிக்கறியோடு தனியாக நின்றாள். இரண்டு பேர் உள்ளே உட்காரலாம் போன்ற எஃகுக் கொப்பரை. மசாலா வதங்கி, கோழி புரண்டு, கோழிச்சாற்றுப் பொடியான ஸ்டாக் பவுடர் கரைத்த தண்ணீர் ஊற்றி, வழக்கம்போல உப்பையும் அள்ளிப் போட்டாள். வாசனை சரியாக இருந்தது. நிறம் சரியாக இருந்தது. கொப்பரையைச் சூடாக்கும் நீராவியை நிறுத்திவிட்டாள்.

ரோமெல் உயிர்க்காப்பு அங்கியைக் கழற்றிக்கொண்டே வந்தார். கரண்டியை முக்கி வாயில் வைத்தார். கட்டைவிரல் எழவில்லை.

“டினா, கடல்ல இருந்து நேரா குழாய் போட்டுட்டியா?”

அவள் முதலில் சிரித்தாள். பிறகு அவர் தண்ணீர்க் குழாய்க்கு ஓடுவதைப் பார்த்தாள்.

ஸ்டாக் பவுடர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. பழைய டப்பா உப்பில்லாதது. இது ஹவாயில் ஏற்றி அன்றைக்குத்தான் திறந்தது, வேறு கம்பெனி. அதிலேயே உப்பு இருந்தது. நாக்கில் ஒரு சொட்டு வைத்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். உப்பின் வாசனை மூக்குக்குத் தெரியாது. வீட்டில் உப்பு தப்பாததற்குக் காரணம் அவள் கை மட்டும் அல்ல. அங்கே எல்லா வருடமும் அதே உப்பு, அதே பருப்பு, அதே அண்டா. இதை அவள் அன்றைக்குத்தான் யோசித்தாள்.

சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தேங்காய்ப்பால் ஊற்றிச் சமாளித்துவிடலாம், லூக்காவுக்குத் தெரியவே வேண்டாம் என்றார் ரோமெல். நல்ல மனதோடுதான் சொன்னார். தினேஸ்வரி சுவரில் இருந்த போனை எடுத்து லூக்காவைக் கூப்பிட்டாள். இன்று மறைத்தால் நாளைக்கும் மறைக்க வேண்டும். பெருமாளுக்காக இருக்கும் மாதத்தைப் பொய்யில் ஓட்டுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. தவிர, இந்தக் கொப்பரையைக் காப்பாற்ற முடியும் என்று அவளுக்குத் தெரியும். எப்படி என்பதுதான் இன்னும் பாதி தெரியவில்லை.

லூக்கா வந்தார். கரண்டி எடுத்தார், வாயில் வைத்தார். ஏன் ருசி பார்க்கவில்லை என்று கேட்டார். அவள் புரட்டாசியைச் சொன்னாள், ரோமெலின் கட்டைவிரலைச் சொன்னாள், எதையும் குறைக்கவில்லை. அவர் கரண்டியைக் கழுவப் போட்டார்.

“உன் சாமியோட எனக்குச் சண்டை இல்ல. ஆனா சமைச்ச ஆளே பாக்காத சாப்பாட்டை நான் யாருக்கும் போட மாட்டேன். கதவு திறக்கறதுக்குள்ள என்ன செய்வே?”

“சரி பண்ணுவேன், செஃப். ஆனா நான் வாயில வைக்க மாட்டேன். நீங்க இங்கயே நின்னு பாருங்க.”

ரோமெல் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் குழம்பில் பாதியை அள்ளித் தனியாக வைத்தாள். ஆறவைத்து உறையவைத்தால் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பயன்படும். உப்பில்லாமல் வேகவைத்த உருளைக்கிழங்கு மறுநாளைக்கு என்று குளிர் அறையில் இருந்தது, அத்தனையையும் கொட்டினாள். வெங்காயமும் தக்காளியும் அரைத்து ஊற்றி, கொதிக்கவிட்டு, கடைசியில் தேங்காய்ப்பால். குழம்பின் நிறம் இளகியது. இனி உப்பு எவ்வளவு இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும்.

அவள் மூன்று பேரை இழுத்து நிறுத்தினாள். ரோமெல். பாத்திரம் கழுவும் பாலித்தீவுப் பெண் கெத்துட். எஞ்சின் அறையிலிருந்து எண்ணெய்க் கையோடு முதல் ஆளாகச் சாப்பிட வந்து வாசலில் நின்ற ஒரு பல்கேரியன். ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்தாள். ரோமெல், இன்னும் உப்பு தெரிகிறது என்றார். கெத்துட் உப்பு சரி, காரம் போதாது என்றாள். பல்கேரியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது மனிதர் சாப்பிடும் காரமா என்று கேட்டான்.

மூன்று வாய், மூன்று தீர்ப்பு. லூக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தினேஸ்வரிக்கு அப்போது சீனி அண்ணே கடைக் கூட்டம் ஞாபகம் வந்தது. பரிமாறின காலத்தில், நல்லாயிருக்கா அண்ணே என்று கேட்டால் எல்லோரும் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள். அவள் வாயைக் கேட்பதை விட்டுவிட்டுக் கையைப் பார்க்கப் பழகினாள். பிடித்திருந்தால் குழம்பு முடியும் முன்பே கை அடுத்த சோற்றை இழுக்கும். பிடிக்காவிட்டால் விரல் இலையில் கோடு போட்டுக்கொண்டிருக்கும். இங்கே இலை இல்லை, கரண்டி இருக்கிறது. கரண்டி டப்பாவை அவர்கள் நடுவில் வைத்துவிட்டு, யார் கை போகிறது என்று பார்த்தாள்.

யாரும் இரண்டாவது கரண்டி எடுக்கவில்லை. இன்னும் தேங்காய்ப்பால் விட்டாள். கெத்துட்டின் கை போனது. மற்ற இருவர் கை போகவில்லை. புளித் தண்ணீர் கொஞ்சம், ஒரு பிடி சர்க்கரை, இன்னொரு கொதி. இப்போது ரோமெல் உப்பைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே இரண்டாவது கரண்டியை எடுத்தார். பல்கேரியன் காரத்தைத் திட்டினான், திட்டிக்கொண்டே எடுத்தான், மறுபடியும் எடுத்தான். கழுவப் போடும் தொட்டியில் கரண்டிகள் கலகலவென்று விழுந்தன.

“போதும்,” என்றாள் தினேஸ்வரி. “ஆயிருச்சு.”

லூக்கா தானும் ஒரு கரண்டி பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கிளம்பியவர் வாசலுக்குப் பக்கத்திலிருந்து திரும்பி வந்து இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டு போனார். அதை அவள் பார்த்துவிட்டாள் என்று அவருக்கும் தெரியும்.

அன்று மாலை அவர் கூப்பிட்டுக் கொஞ்சம் திட்டினார். ரகசியமாகச் செய்ததற்கு, புதிய டப்பாவைப் படிக்காததற்கு. அதை அவள் ஏற்றுக்கொண்டாள். புரட்டாசி முடியும்வரை அவளுடைய பாத்திரத்தில் மூன்று பேர் கரண்டி வைக்க வேண்டும், யார் யார் என்று அன்றன்றைக்கு அவளே சொல்ல வேண்டும், ஆள் இல்லாவிட்டால் பாத்திரம் இறங்காது என்றார். அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அதன் பிறகு ஈப்போ ரோட்டில் அவளுக்குத் தனி மவுசு. கரண்டி பார்க்க நான் வரட்டுமா என்று துணி துவைக்கிற இடத்திலிருந்து ஆள் வந்தது. வயலின்காரி வந்தாள். பல்கேரியன் ஒரு நாளும் தவறவில்லை.

நடுக்கடலில் தேதிக்கோட்டைத் தாண்டியபோது வெள்ளிக்குப் பிறகு ஞாயிறு வந்தது. ஒரு சனிக்கிழமையே காணவில்லை. படையலை என்ன செய்வது என்று அவள் அக்காவுக்குப் போன் போட்டாள்.

“பெருமாளே உனக்குத் தள்ளுபடி கொடுத்துட்டாரு லா,” என்றாள் புனிதா. “இங்க உன் பேர்லயும் ஒரு இலை போட்டாச்சு. வேலையப் பாரு. இடம் கெடச்சுச்சா?”

“கெடைக்கும்.”

“சொல்லிட்டாங்களா?”

“இல்லக்கா. நான் சொல்றேன்.”

லூக்கா சொன்னது சிட்னிக்கு முந்தின வாரம், குளிர் அறையில், முட்டைப் பெட்டிகளுக்கு நடுவில். சிட்னியிலிருந்து பொறுப்பு உன்னுடையது, பெயர்ப்பட்டை வர நாளாகும் என்றார். பெயர்ப்பட்டை வரும்போது முழுப் பெயரையும் போடச் சொல்லுங்கள் என்றாள் அவள். அவர் எழுத்துக் கூட்டிக் கேட்டு, இரண்டு முறை தப்பாகச் சொல்லிப் பார்த்து, மூன்றாவது முறை சரியாகச் சொன்னார்.

ஐப்பசி பிறந்த அன்றைக்கும் கோழிக்கறிதான். உருளைக்கிழங்கு போட்டதைத்தான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். மூன்று பேரும் பழக்கத்தில் வந்து நின்றார்கள். அன்று முதல் கரண்டியை தினேஸ்வரி எடுத்தாள். வாயில் வைத்தாள். மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

காரம் போதவில்லை. சீனி அண்ணே கடையில் இதைப் போட்டால் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார்கள். அதைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

“டினா,” என்றார் ரோமெல், “உன் கையைப் பாரு.”

கை ஏற்கெனவே கரண்டி டப்பாவுக்குள் இருந்தது.