சுகந்தி அக்காவின் பின்வரிசை

சுகந்தி அக்காவின் கணவர் ரவி அண்ணையின் அழைப்பு வந்தபோது கல்லூரி மைதானத்தில் கோல் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் வழக்கமாக எனக்குக் குறுஞ்செய்திதான் அனுப்புவார். திரையில் பெயரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"மாலா, சுகந்தி போயிட்டா" என்றார். பிறகு, சொல்ல மறந்த ஒன்றைச் சேர்ப்பதுபோல, "காலமைதான். நித்திரையில. கஷ்டப்படேல்லை" என்றார்.

விரல்களில் நைலான் நூல் சுற்றியிருந்தது. அதை அவிழ்க்கத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன். சற்று நேரத்தில் பெண்கள் பயிற்சிக்கு வரத் தொடங்கினார்கள். முதலில் வந்த ஆமினா என் முகத்தைப் பார்த்தாள். தோள்பையைப் புல்லில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் வந்த பிறகு சொன்னேன். அன்று பயிற்சி நடக்கவில்லை. ஆனால் காவலாளி வந்து கேட்டைப் பூட்ட வேண்டும் என்று சொல்லும் வரை ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி ரவி அண்ணை கேட்டார். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு சுகந்தி அக்காவை என்னைவிட நன்றாகத் தெரியும். சிலருக்கு அவர் உறவு, சிலருக்கு உயிரியல் ஆசிரியை. புதன்கிழமை மத்தியானங்களில் அவர் எங்கே போனார் என்பது மட்டும் உங்களில் அநேகருக்குத் தெரியாது. அதைச் சொல்கிறேன்.

இல்ஃபோர்டில் நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் வேலை பார்த்தோம். நான் கோயம்புத்தூர்க்காரி. பல்கலைக்கழக அணிக்குக் கால்பந்து ஆடியவள். கல்யாணமாகி லண்டன் வந்து, இங்கே உடற்கல்விப் பயிற்சி முடித்து, பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தேன். அணி என்று சொல்லவே கூச்சமாக இருந்த காலம் அது. வாராவாரம் தோற்றோம். சில ஆட்டங்களில் எதிரணிப் பெண்களே பாவம் பார்த்து மெதுவாக ஆடினார்கள். இந்த வருடத்தோடு பெண்கள் அணியை நிறுத்திவிடலாம் என்று நிர்வாகம் பேசத் தொடங்கியிருந்தது.

மழை தூறிய ஒரு புதன்கிழமை, மைதானத்தின் ஓரத்தில் குடை பிடித்தபடி சுகந்தி அக்கா நின்றிருந்தார். அதுவரை ஆசிரியர் அறையில் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான். ஆட்டம் முடிந்ததும் பக்கத்தில் வந்தார்.

"மாலா, நான் ஒண்டு சொன்னா கோவிக்க மாட்டீரே?"

என்னை 'நீர்' என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். எங்கள் பக்கத்தில் அது ராஜா வேஷம் கட்டியவர் பேசுவது. அவர் வாயில் அது அன்பாக இருந்தது.

"சொல்லுங்கக்கா."

"உம்மட பிள்ளையள் நல்லா ஓடினம். ஆனா பின்னுக்கு நிக்கிற நாலு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கினம் இல்லை. அதாலதான் இவ்வளவு கோல் விழுது."

"நீங்க விளையாடியிருக்கீங்களாக்கா?"

"ஓம். கனகாலத்துக்கு முந்தி. இஞ்ச அப்டன் பார்க்கில இருக்கேக்க. சென்டர் பாக், பின்னுக்கு நடுவில."

அடுத்த வாரம் ஒரு பழைய ட்ராக் சூட்டில் வந்து நின்றார். கையில் துணி காயப்போடும் கயிறு. பின்வரிசைப் பெண்கள் நால்வரையும் அழைத்து, அந்தக் கயிற்றை ஆளுக்கொரு இடத்தில் பிடிக்கச் சொன்னார். கயிறு தொய்யவும் கூடாது, இழுபடவும் கூடாது. ஒருத்தி நகர்ந்தால் நால்வரும் நகர வேண்டும். பந்தே இல்லை. முதல் நாள் அவர்கள் சிரித்துச் சிரித்து விழுந்தார்கள். நானும் திரும்பி நின்று சிரித்தேன். மூன்றாவது வாரம் யாரும் சிரிக்கவில்லை.

இடது பக்கம் ஆடிய கவிஷாவுக்குக் குரலே எழும்பாது. யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட வாயசைவுதான். மாணவிகளிடம் ஆங்கிலத்திலேயே பேசும் சுகந்தி அக்கா அவளிடம் மட்டும் தமிழுக்கு மாறினார்.

"உன்ர தம்பி உன்ர போனை எடுத்தா என்ன செய்வாய்?"

"கத்துவன், மிஸ்."

"எப்பிடி? கத்திக் காட்டு."

கவிஷா கத்தினாள். வேலிக்கு அப்பால் நாயோடு நடந்துபோன ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"அவ்வளவுதான். பக்கத்தில நிக்கிறவளுக்குப் பின்னால ஆள் வந்தா, உன்ர தம்பி போனை எடுத்துப்போட்டான் எண்டு நினை."

எனக்கும் அக்காவுக்கும் பெரிய சண்டை வந்தது ஆமினாவை வைத்துத்தான். அவள் என் முன்வரிசை ஆட்டக்காரி. நாங்கள் போட்ட கொஞ்ச நஞ்ச கோலும் அவளுடையது. அவளைப் பின்வரிசைக்குத் தாரும் என்று கேட்டார் சுகந்தி அக்கா. ஆட்டம் முடிந்து என் காரில் திரும்பிக்கொண்டிருந்தபோது கேட்டார். நான் காரை ஓரமாக நிறுத்தியே விட்டேன்.

"அவளையும் எடுத்துட்டா எனக்கு யாருக்கா கோல் போடுவா?"

"அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் முழுக்கத் தெரியுது, மாலா. முன்னுக்கு நிண்டா பாதி ஆட்டம் அவவின்ர முதுகுக்குப் பின்னால எல்லோ நடக்குது."

"அவ ஒத்துக்க மாட்டா."

"அழுவா. நான் கதைக்கிறன்."

ஆமினா அழத்தான் செய்தாள். இரண்டு வாரம் என்னோடும் அவரோடும் பேசவில்லை. மூன்றாம் வாரம் நடுப் பின்வரிசையில் ஆடினாள். அந்த ஆட்டத்தில் நாங்கள் ஒரு கோலும் போடவில்லை, ஒன்றும் வாங்கவுமில்லை. விசில் ஊதியதும் பெண்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வெற்றி இல்லையே, கொண்டாடலாமா என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். சுகந்தி அக்கா ஈர பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கண்ணாடியை மறுபடி போட வெகுநேரம் பிடித்தது.

அதன்பிறகு தோற்பது குறைந்தது. வெல்லவும் தொடங்கினோம். பின்னால் பயமில்லை என்றானதும் முன்வரிசைப் பெண்கள் தைரியமாக ஓடினார்கள். யாரும் எதிர்பாராத வகையில் அந்த வருடம் கிண்ணப் போட்டியில் அரையிறுதி வரை போனோம். அந்த ஆட்டம் இரு பக்கமும் கோல் இல்லாமல் முடியப்போகிற நேரம், ஆமினா கோல்கீப்பருக்குத் திருப்பித் தட்டிய பந்து அவளைத் தாண்டி எங்கள் வலைக்குள்ளேயே உருண்டு போனது.

திரும்பும்போது கல்லூரி வேனில் ஒரு சத்தமும் இல்லை. ஆமினா கடைசி இருக்கையில் தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தாள். அவள் பக்கத்து இருக்கை காலி. யாருக்கும் அவள் மேல் கோபமில்லை. என்ன சொல்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். முன்னால் என் அருகில் உட்கார்ந்திருந்த சுகந்தி அக்கா திடீரென்று வண்டியை நிறுத்தச் சொன்னார். ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினேன். அவர் எழுந்து பெண்களைப் பார்த்து நின்றார்.

"இப்படி ஒரு அமைதியோடு நான் ஒருமுறை வேனில் வந்திருக்கிறேன்" என்றார் ஆங்கிலத்தில். "எனக்கு அப்போது பத்தொன்பது வயது. இறுதி ஆட்டம். என் காலிலிருந்து பறிபோன பந்தில் தோற்றோம். வீடு வந்து சேரும் வரை ஒருத்தியும் என்னோடு பேசவில்லை. அதன்பிறகு நான் ஆடவே போகவில்லை. கேட்டவர்களுக்கு முழங்கால் வலி என்று சொன்னேன். என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை."

எங்களிடமும் அவர் முழங்கால் என்றுதான் சொல்லியிருந்தார்.

"இன்னொரு தடவை இப்படி ஒரு வானில் என்னால் வர ஏலாது" என்று தமிழில் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நடந்துபோய் ஆமினாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் பேசியது கவிஷா. "ஆமினா, சிப்ஸ் வேணுமா?" என்று கேட்டாள், நாய்க்காரர் திரும்பிப் பார்த்த அதே குரலில். வேன் முழுவதும் சிரித்தது. ஆமினா அழுதுகொண்டே சிரித்தாள். அடுத்த புதன்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து கயிற்றை விரித்துக்கொண்டிருந்தாள்.

அரையிறுதி வரை போனதால் நிர்வாகம் இன்னொரு வருடம் தந்தது. அந்த இரண்டாவது வருடந்தான் எங்கள் நல்ல வருடம். ஜனவரியில், ஆசிரியர் அறைச் சமையலிடத்தில் கோப்பையைக் கழுவியபடியே சுகந்தி அக்கா சொன்னார்: "மாலா, டிபென்ஸை இனி நீர் பழக்க வேண்டி வரும்."

"ஏன், எங்க போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. அதுக்குப் பிறகு தெரியாது."

கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே பரவியிருந்தது. சீசன் முடியும் வரை பெண்களிடம் சொல்ல வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. தன் வகுப்பறைக்கு அவர்களை அழைத்து, பலகையில் கணையத்தை வரைந்து, அது எங்கே இருக்கிறது, என்ன வேலை செய்கிறது, தன்னுடையதற்கு என்ன ஆயிற்று என்று பாடம்போலவே சொன்னார். "மிஸ், உங்களுக்குச் சுகமாகுமா?" என்று கவிஷா கேட்டாள். "இல்லை, அம்மா" என்றார். பிறகு சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டிவிட்டு, "அழ வேண்டியவர்கள் இங்கேயே அழுதுவிட்டு வாருங்கள். கோர்னர் கிக் பழக வேண்டும்" என்றார். நானும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஏப்ரலில் கடைசி லீக் ஆட்டம். வென்றால் முதலிடம். ரவி அண்ணை அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து, கம்பளியால் சுற்றி, மைதானத்தின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். முடியப்போகிற நேரம் எதிரணியில் ஒரு சிறு பெண் வெகுதூரத்திலிருந்து அடித்தாள். பந்து காற்றில் வளைந்து மூலைக்குள் போனது. ஆட்டம் சமன். நாங்கள் இரண்டாமிடம்.

ஆமினா ஓடிவந்து நாற்காலியின் முன்னால் முழங்காலிட்டாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, மிஸ்" என்றாள், கவிஷாவிடம் கற்றுக்கொண்ட தமிழில். அக்காவுக்கு அப்போது குரல் மிகவும் தாழ்ந்துவிட்டது. நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"நீ நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றாய். அது நல்ல கோல்" என்றார். கம்பளிக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்து, கோல் போட்ட எதிரணிப் பெண்ணைப் பார்த்துத் தட்டினார். சத்தம் வரவில்லை. ஆனால் அந்தப் பெண் கண்டுகொண்டாள். கை உயர்த்தினாள்.

பெண்கள் அணி தொடரும், இளையவர்களுக்கு இன்னொரு அணியும் தொடங்கும் என்று கல்லூரி அறிவித்தபோது அவர் வீட்டுக் கட்டிலில் இருந்தார். போய்ச் சொன்னேன். "அப்ப பின்னுக்கு இன்னும் நாலு பேர் வேணும்" என்று மட்டும் சொன்னார். மே மாதம் போய்விட்டார்.

இறுதிச் சடங்கில் மண்டபம் கொள்ளாத கூட்டம். பெண்கள் அணி உடையில் வந்திருந்தார்கள். எல்லோரும் பெட்டியைச் சுற்றியும் ரவி அண்ணையைச் சுற்றியும் நின்றார்கள். என் கண்ணும் அங்கேதான் இருந்தது. ஆட்டம் பார்க்கும்போதும் நான் அப்படித்தான், பந்து போகும் இடத்துக்கே பார்வை போகும். சுகந்தி அக்கா பக்கத்தில் நிற்கும் நாட்களில் என் தாடையை விரலால் மெல்லத் திருப்பிவிடுவார்: "பந்தை எல்லாரும் பாக்கினம். அங்கால தனிய நிக்கிறவளைப் பாரும்." அன்று யாரும் திருப்பாமலே திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசை ஓரத்தில் அவருடைய அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். கிங்ஸ்பரியில் மகன் வீட்டில் இருப்பவர். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பிள்ளையள் சொல்லுதுகள், இவள் பந்தடிச்சவளாம்" என்றார். "எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். அவளின்ர அப்பாவுக்குப் பயந்து என்னட்டையும் சொல்லேல்லைப் போல. நல்லா விளையாடினவளோ, பிள்ளை?"

சுகந்தி அக்கா ஆடி நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

"ரொம்ப நல்லா விளையாடினாங்கம்மா" என்றேன். அவர் என் கையை விடவில்லை. பெட்டி தகன அறைக்குள் போகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

புதன்கிழமைகளில் மைதானத்துக்கு இப்போதும் போகிறேன். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது, இந்தப் பக்கம் தனியாக நிற்கும் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். அவள் திரும்பிப் பார்க்கிறாள். அந்தப் பழக்கம் ஒன்றுதான் அவருடையதாக என்னிடம் இருக்கிறது.