கெஞ்சாத கடிதம்

தொண்ணூறுகளின் நடுவில், நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்த புதிதில், எங்கள் வீட்டில் ஒழுங்காக ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் என் பத்து வயது மகள். என் கர்ப்பப்பையைப் பற்றி டொக்டர் சொன்னதை அவள்தான் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, ஏதோ கட்டியாம். எடுக்கவேணுமாம்."

புற்றுநோயாகவும் இருக்கலாம் என்று அவர் சொன்னதைப் பிள்ளை விழுங்கிவிட்டாள். மூன்று கிழமை அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விஷயம் தெரிந்தபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கட்டியை எடுத்தபிறகு முடிவையும் இவள் வாயால்தான் கேட்க வேண்டுமா?

நாங்கள் குடியிருந்த பாபடோயிட்டோய்ப் பகுதியில் தமிழ்ப் பெண்கள் சிலர் சேர்ந்து ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு மனுப்போட்டோம். ஊரில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கராக இருந்த ஓர் அண்ணை ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். ஊர் வழக்கப்படி ஒரு பக்கம் முழுக்கக் கும்பிடு. கேட்கவந்த விஷயம் கடைசி வரியில்.

பென்ரோஸ் சலவைத் தொழிற்சாலையில் என்னோடு படுக்கைவிரிப்பு மடித்தவள் ஓர் அமெரிக்கக் கறுப்பினப் பெண். இந்த நாட்டுக்காரரைக் கட்டி வந்தவள். மனுவைக் காட்டினேன். வாசித்துவிட்டுப் பேனாவை எடுத்து, கும்பிட்ட வரிகளையெல்லாம் வெட்டித் தள்ளினாள். கும்பிடாமல் கேட்டால் யார் தருவார்கள் என்றேன்.

அவளுடைய தாய் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்தவராம். வீட்டு வேலைக்காரருக்கு அங்கே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அப்போது இல்லை. தாயைப் போன்ற கறுப்பினப் பெண்கள் தேவாலயத்தில் கூடி, சட்டம் செய்பவர்கள் முன் கூட்டம் கூட்டமாகப் போய் நின்று, அந்தச் சட்டத்தையே மாற்ற வைத்தார்களாம்.

"அம்மா தயவு கேட்கவில்லை, விதியை மாற்றக் கேட்டார்" என்றாள். அவள் சொன்ன ஆங்கிலத்தில் பாதிதான் எனக்கு விளங்கியது. அந்தப் பாதி போதும்.

புதுக் கடிதத்தில் நாலே வரி. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது, மொழி தெரிந்த பெரியவர் ஒருவரை ஆஸ்பத்திரியே அழைக்க வேண்டும் என்று விதி வையுங்கள். நிர்வாகக் கூட்டத்துக்கு எங்களோடு அவளும் லீவு போட்டு வந்து, முன்வரிசையில் சட்டமாக உட்கார்ந்தாள். ஒப்பரேஷன் வரிசையில் என் முறை வருமுன்பே, சில மாதத்தில் விதி வந்தது.

அவளுடைய தாயை நான் பார்த்ததேயில்லை. ஆனால் அந்தப் பெண்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டவள். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமுமில்லை.

கட்டியை எடுத்து, முடிவு சொன்ன நாளில் என் பக்கத்துக் கதிரையில், மொழிபெயர்க்க ஆஸ்பத்திரி அழைத்த ஒரு மலேசியத் தமிழ்ப்பெண் இருந்தாள். டொக்டர் பேசி முடித்ததும் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, கேன்சர் இல்லையாம். பயப்படாதீங்க."

என் மகள் அந்நேரம் பள்ளிக்கூடத்தில் நெட்போல் விளையாடிக்கொண்டிருந்தாள்.