இந்த ஊரின் சைகை

மகளுக்குக் காது கேட்காது என்று உறுதியானபோது அவளுக்கு இரண்டு வயது. நான் நியூசிலாந்தில், மனுரேவாவில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலையில் இருந்தேன். வகுப்புக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து, வீடியோ பார்த்துச் சைகை மொழி படித்தேன். பால், வலி, தூக்கம், போதும். நாலு மாதத்தில் ஆங்கில எழுத்துகள் முழுவதையும் ஒரு கையாலேயே காட்டப் பழகிவிட்டேன். அதில் எனக்குப் பெருமை.

பக்குரங்காவில் காது கேளாத பெண் ஒருவர் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று அறிந்து, ஒரு சனிக்கிழமை மகளோடு போனேன். வாசலிலேயே என் பெயரை விரல்களால் எழுதிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டுத் தன் போனில் எழுதி நீட்டினார்.

"நன்றாகச் செய்கிறீர்கள். ஆனால் இது அமெரிக்கச் சைகை. இங்கே எழுத்துக்கு இரண்டு கையும் வேண்டும்."

எந்த நாட்டுச் சைகை என்று கேட்காமலே, போன் காட்டியதையெல்லாம் படித்திருக்கிறேன். மறுநாளே, இரண்டு கையாலும் முதல் எழுத்திலிருந்து தொடங்கினேன்.

புதன் மாலைகளில் அவர் வீடியோ அழைப்பில், என்னோடு சேர்த்து நாலு தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் தனியாகப் பார்த்த வீடியோக்கள் ஒருநாளும் என்னைத் திருத்தியதில்லை. இங்கே விரல் கொஞ்சம் சரிந்தாலும் அவரும் மற்ற மூவரும் திருத்தினார்கள். முதல் வகுப்பன்று கணவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, ஒருத்தற்ற சத்தத்தையும் காணேல்லை. நெற் போயிட்டுதோ?"

"இல்லையப்பா, நாங்கள் கதைச்சுக்கொண்டுதான் இருக்கிறம்."

அவரும் கதிரை போட்டு என் பக்கத்தில் இருந்தார். அதன்பின் ஒரு புதனையும் அவர் தவறவிடவில்லை.

மகளுக்கு இப்போது ஏழு வயது, வகுப்பும் தொடர்கிறது. சென்ற மாதம் காலைச் சாப்பாடு பற்றிய பாடம். புட்டுக்கு என்ன சைகை என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. மகள் என்னைத் தள்ளிவிட்டுக் கேமராவுக்கு முன்னால் வந்தாள். இடது கையைக் குழல்போலச் சுருட்டி, வலது விரலால் உள்ளிருப்பதைத் தள்ளி வெளியே எடுத்துக் காட்டினாள். ஆசிரியை இரண்டு தரம் செய்து பார்த்துத் தலையாட்டினார். எல்லோரும் அவளைப் பார்த்து அப்படியே செய்தார்கள்.

வகுப்பிலிருக்கும் தமிழ்நாட்டுத் தாய் மறுநாள் குரல் செய்தி அனுப்பினார். "எங்க வீட்டுல இட்லிக்கும் ஒண்ணு வேணுமாம். உங்க பொண்ணைக் கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். இரண்டு நாள் தவணை கேட்டிருக்கிறாள்.