ஏரலில் எந்தத் தெரு?

அந்தக் கடைக்காரரை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது அவருடைய கட்டைவிரல்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கனிவான பேச்சு எல்லாம் இருந்தும், விரலை நாக்கில் தொட்டுத் தூசி துடைக்கிற பழக்கம் எனக்கு அருவருப்பாக இருந்தது.

கல்லூரியில் சேர்ந்த புதிதில் லேப்டாப் வாங்கத் தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். ஒரே விலையில், பார்க்க ஒரே மாதிரி இரண்டை எடுத்து வைத்தார். எது நல்லது என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் தம்பி." எச்சில் விரலால் இரண்டு திரைகளையும் துடைத்தார். "எந்த ஊரு?"

"ஏரல், அண்ணாச்சி."

"ஏரல்ல எந்தத் தெரு?"

எங்கள் பக்கம் தெருவைக் கேட்பது முகவரிக்காக அல்ல, சாதிக்காக. எரிச்சலோடு சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. மேசைக்கு அடியிலிருந்து சுத்தமான துணி ஒன்று வெளியே வந்தது. ஒரு லேப்டாப்பை மூடி ஓரமாகத் தள்ளினார்.

"நம்ம ஆளுன்னு மொதல்லயே சொல்லக்கூடாதா? அது ஒருத்தன் தண்ணிய ஊத்திட்டுத் திருப்பிக் குடுத்தது. வேற யார் தலையிலயாவது கட்டிருவேன். நீங்க இத எடுங்க."

"நாங்க அங்கன வாடகைக்கு இருக்கோம் அண்ணாச்சி. அப்பாவுக்கு வேல மாத்தலாகி வந்தோம்."

துணி மறுபடி மேசைக்கு அடியில் போனது. ஓரத்தில் தள்ளியதை எடுத்துத் திறந்து என் முன்னால் வைத்தார். கட்டைவிரல் நாக்குக்குப் போனது. சற்றுமுன் சொன்ன எதுவும் என் காதில் விழவே இல்லை என்பதுபோல, கொஞ்சமும் கூசாமல் சொன்னார்:

"ரெண்டும் ஒண்ணுதான் தம்பி."