ஞாயிற்றுக்கிழமை ட்ரையல்

இந்த நினைவு மலரின் அட்டையில் இருக்கும் படம் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிப்பதற்காக எடுத்தது. அதனால்தான் எங்கள் அண்ணன் இவ்வளவு விறைப்பாக இருக்கிறார். வேறு நல்ல படம் இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை. கல்யாணப் படத்தில் மதினியின் முகம் தெளிவாக இருக்கிறது. அண்ணனின் பாதி முகத்தை மாலை மறைத்துவிட்டது. அவர் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இன்று, வீடு தேடி வந்திருக்கும் உங்கள் எல்லோரையும் அவருடைய ஒரே தங்கையான நான் கைகூப்பி வணங்கி, அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது எப்போதும்வென்றானில். ஊர்ப் பெயரில் இருக்கிற வெற்றி தனக்கு மட்டும் ஒட்டவில்லை என்று தன்னையே கேலி செய்துகொள்வார். அப்பாவுக்கு மானாவாரி நிலம். பருத்தியும் கம்பும் வானத்தை நம்பித்தான். மழை பொய்த்த காலத்தில் அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கோவில்பட்டிக்குப் போய் ஒரு டீசல் பம்ப் பட்டறையில் சேர்ந்தார். நான் படித்து ஆசிரியை ஆனது அந்தப் பட்டறைச் சம்பளத்தில்தான். அவர் ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பின்னாளில் கோவில்பட்டியிலேயே சொந்தமாகப் பட்டறை வைத்தார். தீப்பெட்டி ஏற்றும் லாரிகளும் டிராக்டர்களும் அவர் வாசலில் வரிசை கட்டி நின்றன. இடைசெவலிலிருந்து மதினி வந்தார். ஒரு மகன் பிறந்தான், படித்தான், புனேயில் வேலைக்குப் போனான். பட்டறைக்கு எதிரே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த பாய்தான் அண்ணனுக்கு ஒரே சிநேகிதர். இருவரும் பேசிக்கொள்வதைப் பார்த்தவர்கள் குறைவு. ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மதினி நோயில் படுத்துப் போய்ச் சேர்ந்ததும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. மகன் புனேக்குக் கூப்பிட்டான். அண்ணனும் சம்மதித்தார். வேலையாட்களிடமே பட்டறையைக் கொடுத்துவிட்டார். ரயிலுக்கு டிக்கெட்கூட எடுத்தாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் விளாத்திகுளத்தில் என் வீட்டுக்காரர் திடீரென்று காலமானார்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. துக்கம் கேட்க உறவினர்கள் வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தார்கள். பாவம், தனியாகக் கிடக்கிறாள் என்று என் காதுபடவே பேசினார்கள். என் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். பரிதாபப்பட்டு எவரும் என் வாசல்படி மிதிக்க வேண்டாம் என்று ஒருநாள் கூடத்தில் நின்று சத்தம் போட்டேன். கூட்டம் நின்றுபோனது. அண்ணன் அன்று ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

சில நாட்களில் அவர் ஒரு பழைய காண்டசா காரை வாங்கிவிட்டார் என்று செய்தி வந்தது. அது முன்பு ஒரு தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி ஆசை ஆசையாக வைத்திருந்த வண்டி. நீண்ட மூக்கு, அகன்ற உடம்பு, டர்போ வைத்த டீசல் எஞ்சின். முதலாளிக்குப் பிறகு குடோனில் கிடந்து, பின் சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. மனைவி போன துக்கத்தில் மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொந்தத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு அண்ணன் தனியாக வேலை பார்த்தார். துருப்பிடித்த தரையை வெட்டியெடுத்து புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். வெளியே போகிற புகையின் வேகத்திலேயே விசிலடித்தபடி சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற சின்ன விசிறிதான் டர்போ என்று எனக்கு விளக்கினார். அதன் தண்டு ஆடிப்போய், எண்ணெய் கசிந்து, நீலப் புகை விட்டது. பாய் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் ஆள் சொல்லிப் பாகங்களை வரவழைத்தார். காற்றுக்குழாய்கள் புதிதாயின. கரிசல் புழுதிக்குப் பெரிய ஃபில்டர், நம்மூர் வெயிலுக்குப் பெரிய ரேடியேட்டர். டீசல் பம்பை மட்டும் அவர் யாரையும் தொடவிடவில்லை. அதன் திருகாணியைக் கால் சுற்றுத் திருப்புவார், ஓட்டுவார், மறுபடியும் திருப்புவார். டர்போவில் அழுத்தத்தைக் கூட்டி வைத்தால் பறக்குமே என்று வாலிபப் பையன்கள் வந்து கேட்டபோது, ரோட்டில் ஆடுமாடு போகிறது, விசில் கேட்டால் போதும், றெக்கை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

ஒருவழியாக வண்டி உயிர் பெற்றது. அதன் குணமும் அண்ணனின் குணமும் ஒன்று. ஆக்சிலேட்டரை மிதித்தால் உடனே பதில் வராது; கொஞ்சம் யோசிக்கும். பிறகு விசிலடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுக்கும்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் எட்டயபுரம் வழியாக என் வீட்டு வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்க்க வந்ததாக ஒருமுறையும் சொன்னதில்லை.

"ட்ரையல் பாத்துட்டு வாரேன். அப்படியே இங்கன ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்னுதான்."

வாசலில் நின்ற பிறகும் எஞ்சினை அணைக்க மாட்டார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். இறங்க என்ன ராகுகாலமா பார்க்கிறீர்கள் என்று முதல் நாள் கேட்டேன்.

"ஓடி வந்த வண்டிய உடனே அணைக்கக் கூடாது, ஏட்டி. உள்ள டர்போ இன்னும் சுத்திக்கிட்டுக் கிடக்கும். சட்டுன்னு எண்ணெய நிறுத்தினா கருகிரும். செத்த நேரம் சும்மா ஓடணும்."

அந்தச் செத்த நேரம் எனக்குக் கணக்காகிவிட்டது. தெருமுனையில் விசில் கேட்டதும் அடுப்பைப் பற்றவைப்பேன். எஞ்சின் அணையும்போது டீ பொங்கியிருக்கும். அவருக்குச் சர்க்கரை இல்லாமல், எனக்கு இரண்டு கரண்டி. பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம். தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். மறு ஞாயிறு வரை அந்த வீட்டில் என் குரலை நானே கேட்காத நாட்கள் உண்டு.

புனேயிலிருந்து மகன் போன் பண்ணும்போதெல்லாம், வண்டி சரியாகட்டும், வாரேன் என்பார். ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழும் வாங்கியாகிவிட்டது. எஃப்.சி. கவர்மெண்டுக்குத்தான், வண்டிக்கு இன்னும் ஆகவில்லை என்றார். ஒரு வாரம் கரும்புகை, ஒரு வாரம் சூடு, ஒரு வாரம் குழாயில் காற்று என்பார். வீட்டில் தனியாக உட்கார முடியாமல் அலைகிறார், நாமாவது ஒரு டீ கொடுத்துத் துணையாக இருப்போம் என்று நான் நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

போன வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. பக்கத்து வீட்டார் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது கண்ணைத் திறந்து என்னை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த ஞாயித்துக்கெழம ட்ரையல் கிடையாது. டீயப் போட்டு வச்சிராத, என்ன?"

என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான். மறுநாள் காலை உயிர் பிரிந்தது. சுடுகாட்டுக்குக் கொண்டு போகும்போதுகூட நான் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று சிலர் நினைத்திருப்பீர்கள்.

காரியம் முடிந்ததும் அண்ணன் மகன் வண்டிச் சாவியை எடுத்தான். அப்பா முடிக்காமல் விட்ட வேலையைத் தானே முடித்துவிட்டுத்தான் புனேக்குப் போவேன் என்று சொல்லி, அதைப் பாயிடம் ஓட்டிக்கொண்டு போனான். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அன்று மத்தியானம் விளாத்திகுளத்தில் என் வீட்டுத் தெருமுனையில் விசில் கேட்டது. என் கை தானாக அடுப்பைப் பற்றவைத்துவிட்டது. வண்டி வாசலில் வந்து நின்றது. நின்றதும் எஞ்சின் அணைந்துவிட்டது. பால்கூட இன்னும் சூடாகவில்லை. அண்ணன் இல்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. அடுப்படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அண்ணன் மகனும் பாயும் உள்ளே வந்தார்கள். பையன் முகம் பேயறைந்தது போல இருந்தது. வண்டியில் ஒரு குறையும் இல்லையாம் அத்தை, பிறகு ஏன் அப்பா என்னிடம் வரவில்லை என்று கேட்டான். நான் பாயைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வண்டி சரியாகி ரெண்டு மழைக்காலம் தாண்டியாச்சு, தங்கச்சி. அண்ணாச்சி எங்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டாவ. 'சும்மா போய் நின்னா பரிதாபப்பட்டு வாரேன்னு வெரட்டிருவா பாய். வண்டின்னு ஒரு சாக்கு இருந்தா டீயாவது தருவா. அவள தனியா விட்டுட்டு நான் எப்படிப் போவேன்'னு."

அவருக்கு நான் துணை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குத் துணையாக இருப்பதற்கு அவர் ஒரு காரையே கட்டியிருக்கிறார்.

ஓடி வந்த வண்டியை உடனே அணைக்கக் கூடாதப்பா என்று மட்டும் பையனிடம் சொன்னேன். அவன் வாசலுக்குப் போய் எஞ்சினைக் கிளப்பிவிட்டு, அப்பாவைப் போலவே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தான். நான் பாலை மறுபடியும் அடுப்பில் வைத்தேன்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்ற பக்கத்து வீட்டாருக்கும், ஆட்டோ ஓட்டிய தம்பிக்கும், பார்த்துக்கொண்ட நர்ஸ் பிள்ளைகளுக்கும், கடைசிவரை தோள்கொடுத்த பட்டறைத் தொழிலாளர்களுக்கும், ஒரு ரகசியத்தை இத்தனை நாள் கட்டிக்காத்த பாய்க்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. காண்டசா பாயின் கடைக்குப் பின்னால் நிற்கிறது. பலர் விலை கேட்கிறார்கள். அது விற்பனைக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருக்கிறேன். தெருமுனையில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் காது அங்கேதான் போகிறது. விளாத்திகுளம் பக்கம் வந்தால் உள்ளே வாருங்கள். சாக்கு எதுவும் வேண்டாம். பரிதாபப்பட்டு வந்தாலும் விரட்ட மாட்டேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வாசலில் நிறுத்தியதும் வண்டியை உடனே அணைத்துவிடாதீர்கள். டீ பொங்க எனக்குச் செத்த நேரம் வேண்டும்.