ஆவுடைநாயகம் சோதித்த தண்ணீர்

மடைப்புதூரில் ஆவுடைநாயகம் வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பி குடிப்பார்கள், முறுக்கு தின்பார்கள், தண்ணீர் மட்டும் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். "இப்பதான் குடிச்சிட்டு வாரேன் மதினி" என்று அவர் மனைவி பார்வதியம்மாளிடம் சொல்லிவிட்டுச் செம்பைத் தள்ளி வைப்பார்கள். காப்பியும் அதே தண்ணீரில் போட்டதுதான் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? மனுஷனைக் குத்திக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பத்து வருஷமாக ஊர் இதைச் சலிக்காமல் செய்துவருகிறது. வேறு எந்தக் காரியத்திலும் மடைப்புதூருக்கு இந்த ஒற்றுமை வாய்த்ததில்லை.

அவர் வேதியியலில் முதுகலை படித்தவர். அரசாங்கத்தின் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் முப்பது வருஷமாக வேலை. ஊர் ஊராகப் பாட்டில்களில் தண்ணீர் வரும். அதில் உப்பு எவ்வளவு, கிருமி உண்டா இல்லையா என்று பார்த்து எழுத வேண்டும். குடுவையைச் சுழற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாக மருந்தை விட்டு, நிறம் மாறுகிற அந்தக் கடைசிச் சொட்டில் கையை நிறுத்துவதில் அவரை அடிக்க ஆளில்லை. ஊரிலும் அந்த மரியாதை இருந்தது. 'நம்ம ஊர்லேயே ஒரு ஆளு இருக்காரு, தண்ணியப் பாத்தே சொல்லிருவாரு' என்று பெருமையாகச் சொல்வார்கள். பார்த்தே யாராலும் சொல்ல முடியாது என்று அவர் ஒருநாளும் திருத்தியதில்லை. பெருமை யாருக்குத்தான் கசக்கும்?

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊருக்குத் தெற்கே வெளியூர்க்காரர் ஒருவர் சாயப்பட்டறை போட்டார். ஆறே மாதத்தில் கீழத்தெருவின் ஆழ்துளைக் கிணறு கரித்தது, வாடையடித்தது. மக்கள் மனுக் கொடுத்தார்கள். தண்ணீர் ஆவுடைநாயகத்தின் மேசைக்கே வந்தது. கரைந்த உப்பு லிட்டருக்கு மூவாயிரத்து நானூறு மில்லிகிராம். வேறு வழியே இல்லாத ஊரில்கூட இரண்டாயிரத்துக்கு மேல் ஆகாது. பதிவேட்டில் உள்ளபடி எழுதினார். மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டு, "அந்தத் தண்ணிய இன்னொரு தடவ பாருங்க. ரெண்டாயிரத்துக்குள்ளதான் வரும்" என்றார். மேசையில் இராமநாதபுரத்துக்கான மாற்றல் உத்தரவு பெயர் எழுதாமல் கிடந்தது. மகள் அனுராதா அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. ஆவுடைநாயகம் இன்னொரு தடவை பார்க்கவில்லை. சான்றிதழில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அத்தோடு விட்டிருந்தாலும் பாதகமில்லை. கீழத்தெருவில் மறித்துக் கேட்டவர்களிடம், "நல்ல தண்ணிதான். கொஞ்சம் உப்பு இருக்கும். காய்ச்சிக் குடிங்க" என்றும் சொன்னார். காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் வற்றும், உப்பு அப்படியே நிற்கும். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்குத் தெரிந்த விஷயம் இது. கேட்டவர்களை அனுப்பிவைக்க ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார்.

கீழத்தெரு சித்தி ஜனாபா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அவள் கணவர் ஹபீப் முகம்மது கைலி வியாபாரி. இரண்டு வருஷம் வேளை தவறாமல் காய்ச்சி ஆற்றி அவருக்குக் கொடுத்தாள். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், டயாலிசிசுக்கு அலைந்து, ஒரு ரம்ஜான் மாதத்தில் மவுத்தானார். தண்ணீரால்தான் போனாரா? ஒரு தனி மனிதனைக் காட்டி இதனால்தான் இவன் செத்தான் என்று எந்த விஞ்ஞானமும் அறுதியிட்டுச் சொல்லாது. ஆவுடைநாயகம் தனக்குத்தானே இதை எத்தனையோ முறை சொல்லிக்கொண்டார். அது உண்மையும்கூட. உண்மை அவருக்குக் கைகொடுத்தது அந்த ஒரே இடத்தில்தான்.

சவூதியிலிருந்து திரும்பிக் கடை போட்டிருந்த நூகு சும்மா இருக்கிற ஆளில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்டு, பதிவேட்டின் நகலையும் சான்றிதழின் நகலையும் வாங்கி, ரேஷன் கடைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டார். இரண்டிலும் ஒரே கையெழுத்து. ஊர் கொதித்தது. பட்டறைக்காரர் இடத்தை விற்றுக்கொண்டு போனார். விசாரணை ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்து, அதிகாரி பதவி உயர்வோடு போனார். ஏச்சு வாங்குவதற்கு ஊரில் மிஞ்சியது ஆவுடைநாயகம் ஒருத்தர்தான்.

பிறகு மூன்று நாள் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்து, தாமிரபரணி மணலில் ஊருக்கென்று ஓர் உறைகிணறு வாங்கினார்கள். மறியலில் முதல் வரிசையில் இருந்தவள் சித்தி ஜனாபா. அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துவிட்டு, "இதுக்கு எவன் சர்டிபிகேட்டும் வேண்டாம்" என்றாள். பிளீச்சிங் பவுடர் வாடை பிடிக்காமல், அதையும் போடக் கூடாது என்று மோட்டார்காரரிடம் சொல்லிவைத்தார்கள்.

இந்த ஏப்ரலில்தான் வினை வந்தது. திருநெல்வேலி நகரம் கழித்துவிடுவதையெல்லாம் ஆறு சுமந்துகொண்டு வருகிற பக்கத்தில் இருக்கிறது மடைப்புதூர். போன மழைக்காலத்து வெள்ளத்தில் உடைந்த ஒரு சாக்கடைக் குழாய் கிணற்றுக்கு நாற்பதடி மேலே ஒழுகிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வழக்கமான பரிசோதனைக்கு வந்த தண்ணீரை ஆவுடைநாயகம் சோதனை மருந்து போட்ட சின்னக் குப்பியில் ஊற்றி வைத்தார். மலக்கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் குப்பி கறுக்கும். மறுநாளே மை மாதிரி கறுத்துவிட்டது. மூன்று முறை பார்த்தார், மூன்றும் கறுப்பு.

அவருக்கு முதலில் நினைவுக்கு வந்தது சித்தி ஜனாபாவின் மகள் தஸ்மியா. கணவன் அப்ரார் துபாயில் இருக்க, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். சாக்கடை கலந்த தண்ணீரில் மஞ்சள்காமாலை வரும். மற்றவர்களுக்கு வந்தால் ஒரு மாதம் படுத்து எழுந்துவிடுவார்கள், பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்தால் உயிருக்கே உத்தரவாதமில்லை. அவர் உள்ளபடி அறிக்கை எழுதினார். குழாயைச் சரிசெய்யும்வரை மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று சிவப்பு மையில் கோடும் போட்டார். இந்தத் தடவை யாரும் அவரைத் தடுக்கவில்லை. நேராகக் கீழத்தெருவுக்குப் போனார்.

சித்தி ஜனாபா முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"தங்கச்சி, ஆத்துத் தண்ணி கெட்டுப் போச்சு. பிள்ளைக்கு மட்டுமாவது காய்ச்சிக் குடும்மா."

"அன்னைக்கும் காய்ச்சிக் குடுன்னுதான் சொன்னிய அண்ணாச்சி."

"அது உப்பு. இது கிருமி. கிருமி கொதியில செத்துப் போவும். உப்பு போவாது."

"போவாதுன்னு அன்னைக்கே தெரியும்லா உங்களுக்கு?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"தெரிஞ்சா சொன்னிய?" என்றாள் மறுபடியும். குரல் ஏறவேயில்லை. உள்ளேயிருந்து தஸ்மியா, "யாரும்மா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, போறாவ" என்றாள் சித்தி ஜனாபா. ஏசியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஊராட்சித் தலைவர் தில்லைநாயகத்துக்குத் தேர்தல் கவலை. மோட்டாரை நிறுத்தினால் நாலு நாளைக்கு ஒருமுறை லாரித் தண்ணீர்தான், அதுவும் சித்திரை வெயிலில். "நான் எதுக்கு அண்ணாச்சி கெட்ட பேரு வாங்கணும்? மே ஒண்ணாந்தேதி கிராம சபையில வையுங்க. ஜனங்க முடிவு பண்ணட்டும்" என்றார். தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்பதை ஊர் கைதூக்கி முடிவு செய்யும் என்று ஆனது.

பள்ளிக்கூடத்துப் பந்தலில் சபை கூடியது. ஆவுடைநாயகம் கறுத்த குப்பியைத் தூக்கிக் காட்டினார். நூகு எழுந்தார்.

"இத உம்ம வீட்ல வச்சு என்னத்தக் கலந்தீரோ, யாருக்குத் தெரியும் வே? இங்கன ஊத்தும், எங்க கண்ணு முன்னால."

"ஒருநாளாவது ஆவும் நூகு. ரெண்டு நாள்கூட ஆவும்."

"சபை மத்தியானத்தோட முடிஞ்சிரும்லா?" என்றார் தலைவர். கூட்டம் சிரித்தது.

மாட்டேன் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். முப்பது வருஷம் சோதித்த மனுஷன், எல்லாரும் பார்க்கிறார்கள் என்றதும் தடுமாறிப் போனார். புதுக் குப்பியில் தண்ணீரைப் பிடித்து மைக் பக்கத்தில் வைத்தார். தெருவிளக்குப் பேசினார்கள், நூறு நாள் வேலை பேசினார்கள். ஒரு மணி நேரம் கழித்து நூகு குப்பியை எடுத்து வெயிலில் காட்டினார். தேயிலைத் தண்ணீர் நிறத்தில் அப்படியே இருந்தது. "எங்க வே கறுப்பு?" என்றார். கைதட்டல் அடங்கச் சற்று நேரம் ஆயிற்று.

சித்தி ஜனாபா எழுந்து, "இது நாங்க ரோட்டுல உக்காந்து வாங்குன கெணறு. இத மூடச் சொல்ல இவுகளுக்கு வாயில்ல" என்றாள். மோட்டாரை நிறுத்த வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். ஆவுடைநாயகம் தூக்கினார். பார்வதியம்மாள்கூட அக்கம்பக்கம் பார்த்துப் பாதிதான் தூக்கினாள். கிணற்றுத் தண்ணீர் குடிக்க உகந்ததென்று தீர்மானம் எழுதி, இருநூற்றுச் சொச்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். மேலே இருந்தவர்களுக்கும் அது வசதியாகப் போயிற்று. சபையே தீர்மானித்த பிறகு நாம் தலையிடுவானேன் என்று அறிக்கையைக் கட்டி வைத்துவிட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் ஊராட்சி அலுவலக ஜன்னலில் அந்தக் குப்பி கன்னங்கரேலென்று இருந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு தலைவரிடம் ஓடினார். தில்லைநாயகம் குப்பியையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். "கூட்டம் முடிஞ்சு போச்சே அண்ணாச்சி. அடுத்தது ஆகஸ்ட் பதினஞ்சுதான" என்றார். நகரத்து மருத்துவமனைக்கும், சுகாதாரத் துறைக்கும், பத்திரிகைக்கும் அவர் எழுதினார். பழைய சான்றிதழ் கதை அவருக்கு முன்னாலேயே அங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது.

ஜூன் முதல் வாரத்தில் மேலத்தெருவில் இரண்டு பேருக்குக் கண் மஞ்சளாயிற்று. செய்தி கேட்டபோது ஆவுடைநாயகத்துக்கு உள்ளுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் வந்தது. 'சொன்னேன்லா' என்கிற சந்தோஷம். வந்த வேகத்தில் போய்விட்டது. ஆனால் வந்தது வந்ததுதான், அதை அவர் பார்வதியம்மாளிடம்கூடச் சொல்லவில்லை.

பத்து நாளில் நாற்பத்தேழு பேர். கீழாநெல்லி அரைத்துக் குடித்தார்கள், உப்பில்லாமல் சாப்பிட்டார்கள், பெரும்பாலும் தேறினார்கள். தஸ்மியாவைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவளுக்கு நினைவில்லை. பிள்ளை வயிற்றிலேயே போனது. மூன்றாம் நாள் அவளும் போனாள். அப்ரார் விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. அன்றைக்கே அதிகாரிகள் ஜீப்பில் வந்து மோட்டார் அறையைப் பூட்டினார்கள். அதற்கு யாரும் கை தூக்க வேண்டியிருக்கவில்லை.

தஸ்மியாவின் ஜனாஸா அடக்கத்துக்குப் போகையில் ஆவுடைநாயகம் தெருமுனையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நூகு அவரைப் பார்த்தார், பக்கத்தில் வந்தார், திரும்பிப் போனார். அதன் பிறகு ஊரில் சிலர், "நீரு சொன்னீரு வே, நாங்கதான் கேக்கல" என்றார்கள். இந்த வார்த்தைக்காகப் பத்து வருஷமாக ஏங்கிய மனுஷன் அதைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

ஆகஸ்ட் பதினைந்து. கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு சபை கூடியது. ஊருக்குப் புதிதாக ஆழ்குழாய் போட்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரை யார் சோதித்துச் சொல்வது என்ற பேச்சு வந்தது. "நம்ம அண்ணாச்சியே இருக்காரே" என்று தில்லைநாயகம் ஆரம்பித்தார். குரலில் சமாதானம் செய்கிற தொனி இருந்தது. நாலைந்து பேர் தலையாட்டவும் செய்தார்கள். சித்தி ஜனாபா எழுந்தாள்.

"அண்ணாச்சி இந்தத் தடவ உண்மையத்தான் சொன்னாவ. நான் இல்லங்கல" என்றாள். "மொதத் தடவ அவுக சொன்னத நம்புனேன். தஸ்மியா வாப்பா மவுத்தானாவ. இந்தத் தடவ நம்பல. எம் பிள்ள போயிட்டா. ரெண்டு தடவயும் எங்க தெருவுலதான் நின்னாவ. ரெண்டு தடவயும் மூஞ்சி ஒரே மாதிரிதான் இருந்துச்சு. எது உண்ம, எது பொய்யின்னு நான் எதப் பாத்துக் கண்டுபிடிக்க? படிச்சவிய சொல்லுங்க."

அவள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"இனிமே இந்த ஊருத் தண்ணிய அவுக பாக்க வேண்டாம். வெளியூர்லேருந்து யாராவது வரட்டும். அவுக பொய் சொன்னாலும் புதுப் பொய்யா இருக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

தில்லைநாயகம் கடைசி வரிசைப் பக்கம் பார்க்காமல், ஆதரிக்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார். முன்வரிசையில் ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆவுடைநாயகமும் தூக்கினார். எழுத்தர் எண்ணி முடிக்கும்வரை அவர் கையை இறக்கவில்லை.